‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு நான் செய்த தவறு

2021 நவம்பர் முதல் வாரம். ஆகஸ்டில் தொடங்கிய ஊரடங்கு ஆக்லாந்தில் இன்னும் முழுதாக முடியவில்லை. அமேசான் பிரைமில் ‘ஜெய் பீம்’ வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்த பிறகு அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளியில் பேச்சுத் தேர்வு. நான் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டேன். “1995இல் ராஜாகண்ணு என்ற இருளர் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். இது உண்மைக் கதை” என்று பேசினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. வீட்டுக்கு வந்த மாமா ஒருவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னபோது அவர் மெதுவாகக் கேட்டார்: “ராஜாகண்ணு குறவராச்சே. இருளர்னு யார் சொன்னது?”

யார் சொன்னது? படம்தான்.

அன்று இரவு தேடிப் படித்தேன். சம்பவம் நடந்தது 1993இல், கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்தில். ராஜாகண்ணுவின் மனைவி பெயர் பார்வதி. படத்தில் அவர் செங்கேணி. வழக்கறிஞர் சந்துரு நிஜ மனிதர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். படத்தில் எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006இல். பார்வதி காத்திருந்தது 13 ஆண்டுகள்!

படம் என்றால் மாற்றம் இருக்கும். பெயரை மாற்றலாம், பதின்மூன்று ஆண்டுகளைச் சுருக்கலாம். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சமூகத்தை மாற்றியது வேறு விஷயம். ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர்களைப் பிறப்பிலேயே திருடர்கள் என்பதுபோலப் பட்டியலிட்டது. சட்டம் போன பிறகும் சந்தேகம் போகவில்லை. எங்காவது நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் ஏன் இவர்கள் வீட்டுக்குப் போகிறது என்பதற்கான பதிலில் பாதி அந்த வரலாற்றில் இருக்கிறது. இருளர்கள் மீதும் பொய் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அவர்கள் கதையும் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் இது பார்வதியின் கதை.

ஒரு சின்ன விவரம்கூடச் சின்னது இல்லை. போலீஸ் அதிகாரி வீட்டு நாட்காட்டியில் இருந்த அக்னி குண்டப் படம் தங்களைக் குறிக்கிறது என்று வன்னியர் அமைப்புகள் எதிர்த்தன. காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் ஞானவேலும் வருத்தம் தெரிவித்தார். ஒரு காலண்டருக்கே இவ்வளவு என்றால், ஒரு மனிதர் எந்தச் சமூகம் என்பதற்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் திருத்திச் சொல்ல செய்தித்தாள் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்கிறார். இங்கே வளரும் நமக்குப் பல நேரம் படம் மட்டும்தான். நாம் தவறாகச் சொன்னால் வகுப்பில் திருத்த ஆள் இல்லை. என் பேச்சைக் கேட்ட இருபத்தைந்து பேருக்கும் ராஜாகண்ணு இன்றும் இருளர்தான்.

‘ஜெய் பீம்’ இல்லாவிட்டால் அந்தப் பெயரே எனக்குத் தெரிந்திருக்காது. அதற்கு நன்றி. இப்போதும் நண்பர்களிடம் பார்க்கச் சொல்கிறேன். கூடவே இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன்: படத்தில் செங்கேணி, நிஜத்தில் பார்வதி.