பந்தல்குடியில் ஒரு மல்லிகைச் செடி

மாசி மாதக் கடைசியில், அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ள பந்தல்குடிக்குச் சென்றிருந்தோம். நம் முன்னோர் வகுத்த கணக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் பிறப்பது சித்திரையில். கரிசல் பூமிக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த ஈரம் வற்றுமுன் முந்திக்கொள்வதுபோல் வேலியோரம் ஆவாரை பூத்துக் கிடந்தது.

நாம் தங்கிய வீட்டின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு மல்லிகைச் செடிகள். மார்கழித் தொடக்கத்தில் கவாத்து செய்தவை, புதுத் துளிரில் அரும்பு கட்டியிருந்தன. விரிந்த மல்லிகையைச் செடியிலேயே வைத்துப் படம் எடுக்க விரும்பினோம்.

“விரிஞ்ச பூவை யாரு சாமி வாங்குவா? விடியுமுன்னே மொட்டாப் பறிச்சாத்தான் காசு” என்றார் வீட்டு அம்மையார்.

உண்மைதான். மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புகழ்பெற்ற வணிகமும் மொட்டில்தான் நடக்கிறது. மல்லிகை அந்தி சாய்ந்தபின் விரிவது. ஆகவே, வளர்ப்பவர் கண்ணுக்குச் செடியில் விரிந்த பூ அரிதாகவே தென்படும். ஒரு கைம்பெண்ணின் வருவாயில் கைவைப்பதை உணராமல், ஒரு கொத்தை விட்டுவைக்கும்படி கேட்டுவிட்டோம். அவர் ஒரு செடியையே பறிக்காமல் விட்டுவிட்டார்.

மாலை ஆறரை மணி. கரிய மண்ணைக் கண்ட கைப்பேசி, இருட்டென்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடுகிறது. இதழ்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறுகின்றன. (சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்தானே!) திரையில் பூவைத் தொட்டு ஒளியளவைக் குறைத்தபின்பே இதழ்களின் அடுக்கு புலப்பட்டது. காற்று ஓயும்வரை மண்டியிட்டுக் காத்திருந்தோம். இருபதில் இரண்டு தேறின.

அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் உள்ளே சென்று, சுவரில் தொங்கிய புகைப்படம் ஒன்றைக் கழற்றி வந்தார். அச்செடிகளை நட்ட அவருடைய கணவர். ஈரம் பட்டு முகத்தின் ஒரு பக்கம் அரித்திருந்தது.

“இதையும் எடுத்துக் கொடுங்க சாமி. இருக்கிறது இது ஒண்ணுதான்.”

விளக்கொளியில் எடுத்தபோது கண்ணாடியில் நம் முகமே தெரிந்தது. சட்டத்தைப் பிரிக்கவோ அச்சம். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் திண்ணை நிழலில் சற்றே சாய்த்து வைத்தோம். அதற்குள் அம்மையார் அந்த ஒரு செடியின் பூக்களைப் பறித்துச் சரமாகத் தொடுத்திருந்தார். படத்திற்குச் சூட்டலாமா என்று கேட்டார்.

முகம் மறையாதபடி முதலில் பூவின்றி ஒன்று எடுத்தோம். பிறகு பூவோடு ஒன்று.