பாமே மீட்டரும் மேஸ்திரியின் கட்டைவிரலும்

நாட்றம்பள்ளியில் விடிவதற்கு முன்பே ஷூ கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். டிபன் பாக்ஸோடு ஏறும் பெண்கள் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தையல் மெஷின் வேலைக்குப் போகிறவர்கள். ஈரத்தோல் வேலைக்குப் போகும் ஆண்கள் அந்த வேனில் ஏறுவதில்லை. "எங்க வாசனைக்கு யாரு சார் சீட்டு குடுப்பாங்க?" என்று சிரித்தார் மேஸ்திரி. முப்பது வருஷத்துக்கு மேல் தோல் ஷாப்பு வேலை. அவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டுதான் வாணியம்பாடிப் பக்கம் இருக்கும் அந்த டேனரிக்குப் போனேன். தோலைவிட, தோலை அளக்கும் கருவிகளைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை.

உள்ளே வரிசையாக மர டிரம்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆட்டுத்தோல், தண்ணீர், மருந்து. மருந்து என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், அது ஆசிட்டாக இருந்தாலும் சரி, குரோமாக இருந்தாலும் சரி.

சுண்ணாம்பில் ஊறி வந்த தோலின் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். அதே தோல் குரோமை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டுமானால் 3-ஐ ஒட்டி இறங்க வேண்டும். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது என்று கணக்கு. ஒன்பது எண் என்றால் நூறு கோடி மடங்கு. இவ்வளவு பெரிய பள்ளத்தை ஒரு நாள், இரண்டு நாளில், தோல் வெடிக்காமல் இறக்கிக் கொண்டுவர வேண்டும். இந்த பி.எச். கணக்கை 1909-ல் வகுத்தவர் சோரன்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதை மீட்டராக்கி 1934-ல் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன். அவரிடம் கேட்டு வந்தது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க. அப்படிப் பிறந்த கருவி இன்று பாலாற்றங்கரையில் ஆட்டுத்தோலுக்கு நாடி பார்க்கிறது.

லேப் பையன் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, மீட்டரின் கண்ணாடி முனையைக் கழுவி பஃபர் கரைசலில் வைப்பது. 4 என்று எழுதிய பாட்டிலில் மீட்டர் 4 காட்ட வேண்டும், 7-ல் 7 காட்ட வேண்டும். தப்பினால் திருகிச் சரிசெய்து நோட்டில் குறித்துக் கையெழுத்துப் போடுகிறான்.

ஆனாலும் மேஸ்திரி மீட்டரை முழுசாக நம்புவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. மீட்டர் அளப்பது டிரம்மின் தண்ணீரை. தோலின் நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சுண்ணாம்பு இறக்கும் டிரம்மை நிறுத்தச் சொல்லி ஒரு தோலை வெளியே இழுத்தார். கழுத்துப் பகுதியில், அதாவது தடிமன் அதிகமுள்ள இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். வெட்டிய விளிம்பில் பினாப்தலீன் இரண்டு சொட்டு. மேலும் கீழும் வெள்ளையாகவே இருந்தது. நடுவில் மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. "நடுவுல நூலு ஓடுது பாருங்க சார். சுண்ணாம்பு இன்னும் உள்ளதான் இருக்கு. மீட்டரு முடிஞ்சிருச்சுன்னு சொல்லும். இன்னும் அரை மணி நேரம் ஓட்டணும்." ஆசிட் கொடுத்த பிறகு இதே சோதனை வேறு மருந்தில் நடக்கிறது: புரோமோகிரீசால் கிரீன். விளிம்பு முழுக்க மஞ்சளாக மாறினால் ஆசிட் நடு வரைக்கும் போய்விட்டது. நடுவில் நீலமோ பச்சையோ தெரிந்தால் இன்னும் போகவில்லை.

ஆசிட் ஊற்றுவதற்கு முன் உப்பு. அங்கேதான் பாமே மீட்டர் வருகிறது. அடியில் கனமும் மேலே மெல்லிய தண்டுமாக ஒரு கண்ணாடிக் குழாய். ஜாடியில் பிடித்த டிரம் தண்ணீரில் மிதக்க விட்டால், தண்டு எவ்வளவு மூழ்குகிறதோ அந்த இடத்தில் டிகிரியைப் படிக்கலாம். பாரிஸில் மருந்துக்கடை வைத்திருந்த அந்துவான் பாமே 1768-ல் செய்தது. வெறும் தண்ணீரில் 0. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள தண்ணீரில் 15. இங்கே 6, 7-க்குக் குறைந்தால் ஆசிட் கேனைத் தொடவிட மாட்டார்கள். உப்பு போதாமல் ஆசிட் பட்டால் தோல் தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும், பிறகு எந்த மருந்தாலும் அதைத் தேற்ற முடியாது. மேஸ்திரியின் அப்பா காலத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் பதப்படுத்திய நாட்களில் அது நடந்திருக்கலாம். இன்றைய மருந்துகளை நாக்கில் வைக்கக்கூடாது. பாமே மீட்டரால் கைக்குப் பெரிய லாபமில்லை என்றாலும் நாக்கு பிழைத்தது.

குரோம் ஏறியதா என்பதற்குச் சோதனை மிக எளிது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நீலம் பாரித்த தோலில் ஒரு துண்டு வெட்டி, தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைகிறார்கள். துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து மறுபடி அதே கோட்டுக்குள் வைக்கிறார்கள். கோட்டை நிரப்பினால் பாஸ். பச்சைத்தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே எண்ணெயில் போட்ட வத்தல் போலச் சுருண்டுவிடும். பட்டையில் பதப்படுத்தியது 80-ஐ ஒட்டித் தாங்கும். நன்றாகக் குரோம் ஏறியது 100-லும் அசையாது. இதையே அளந்து எண்ணாகச் சொல்ல லேபில் தனிக் கருவி உண்டு. ஷாப்பு ஃப்ளோரில் கெட்டிலும் பென்சிலும் போதும்.

காய்ந்த தோல் மாடிக்குப் போகிறது. அங்கே தரம் பிரிக்கிறவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலை ஓடவிட்டு "எட்டு", "ஒம்பது" என்று சொல்லிக்கொண்டே போடுகிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அந்தக் கணக்கு. என்னிடம் தடிமன் அளக்கும் கேஜைக் கொடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். "எட்டு" என்று போட்டதில் வைத்தேன், 0.8-ஐ ஒட்டியே முள் நின்றது. பையருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் கேஜ் எண்தான் போகும். விரலுக்கு அதில் கட்டம் கிடையாது, கூலியிலும் கிடையாது.

அதைவிடச் சண்டைக்குரியது பரப்பளவு. தோலை எடை போட்டு விற்பதில்லை, சதுர அடியில்தான் விலை. ஆட்டுத்தோலுக்குக் கால் உண்டு, கழுத்து உண்டு, ஓட்டை உண்டு. எந்தக் கணக்கு வாத்தியாரும் சூத்திரம் சொல்ல முடியாத உருவம். பழைய மெஷினில் சிறு சக்கரங்கள் வரிசையாக இருக்கும். தோல் கீழே போகும்போது எந்தச் சக்கரத்தின் அடியில் தோல் இருக்கிறதோ அது மட்டும் சுற்றும். எல்லாச் சுற்றையும் கூட்டி மேலே பெரிய முகப்பில் முள் காட்டும். இப்போது சக்கரத்தின் இடத்தில் விளக்கொளியும் சென்சாரும். ஆனால் எழுதும் முறை மாறவில்லை: 5 போட்டு அதன் தலைமேல் சின்னதாக 2 போட்டால் ஐந்தரை சதுர அடி, கால் அடிகள் இரண்டு. மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பெருகும் தோல், வெயிலில் கொஞ்சம் சுருங்கும். இங்கே ஐந்தரையாக ஏறியது வாங்குகிறவரிடம் இறங்கும்போது குறைந்தால் கடிதப் போர்தான். அதனால்தான் சோதனைக்கு முன் தோலை 23 டிகிரி சூட்டில், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று உலகத் தரவிதி சொல்கிறது. மே மாதத்து வாணியம்பாடியில் அது ஏசி அறைக்குள் மட்டும் கிடைக்கும்.

லேபில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பாலி பிளெக்ஸோமீட்டர், சுவிஸ் ஷூ கம்பெனியின் பெயரைத் தாங்கியது, தோல் துண்டை மடித்துப் பிடித்து நிமிஷத்துக்கு நூறு தடவை மடக்குகிறது. ஒரு லட்சம் மடக்கு முடிய பதினாறு மணி நாற்பது நிமிஷம் ஆகும். இன்னொன்று உருண்டையால் தோலைக் கீழிருந்து முட்டி எப்போது மேல்பரப்பு விரிசல் விடுகிறது என்று பார்க்கிறது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் 540 நானோமீட்டர் ஒளியில் குரோமியம் ஆறை வேட்டையாடுகிறது. 2015 மே 1 முதல் ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இங்கே தீராத சந்தேகம் வந்தால் சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் துண்டு போகும்.

வாங்குகிறவர் எட்டிப் பார்க்கும் இடத்திலெல்லாம் கருவி இருக்கிறது. கழிவுநீருக்கும் வந்துவிட்டது, அதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) என்ற வரம்பு இன்று பாலாற்று விவசாயிக்கும் மனப்பாடம். பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் சட்டைப் பையில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழிலாளி குனியும் இடத்தில்தான் கருவியைத் தேட வேண்டியிருக்கிறது. முடி போக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் ஆசிட் சேர்ந்தாலோ, கசடு காற்றில்லாமல் குழியில் அழுகினாலோ ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிஷத்தில் மூக்கு செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, விஷவாயுவும் போய்விட்டது என்று ஆள் நினைப்பான். இந்தத் தொழிலில் விரல் பொய் சொல்வதில்லை, கண்ணும் சொல்வதில்லை. மூக்கு மட்டும் ஆளைக் கொல்லும் பொய் சொல்லும். குழி கழுவ இறங்கியவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து சாகிற செய்தி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

கேஸ் டிடெக்டர் இருக்கிறதா என்று கேட்டேன். ஆபீஸ் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் டப்பா. சட்டையில் மாட்டிக்கொண்டால் பத்துப் பங்கிலேயே அலறும். வெளிநாட்டு ஆடிட் வரும்போது மேஜைக்கு வருமாம். மேஸ்திரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கும் மீட்டரு மாதிரி பஃபர் வெச்சுத் தெனமும் பாக்கணுமா தம்பி?" என்று லேப் பையனைக் கேட்டார்.

பார்க்க வேண்டும். அளவு தெரிந்த வாயு அடைத்த சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு. குழியில் இறங்கும் முன் அதைக் காட்டி, டப்பா அலறுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சென்சாருக்கும் இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுள். "சிலிண்டர் நம்ம பர்ச்சேஸ் லிஸ்டுல இல்லண்ணே" என்றான் பையன்.