மூன்று செங்கற்கள்

1999ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் கடைசி வாரம் அது. குருப்பட்டம் பெற்று ஓராண்டே நிறைவுற்றிருந்த நாம், பங்கு மக்கள் நாற்பது பேருடன் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் மேற்கொண்டிருந்தோம். புறப்படுமுன் ஒரு மூதாட்டியை வரவேண்டாமெனத் தடுத்திருந்தோம். எழுபதைக் கடந்தவர், கூட்டத்தின் வேகத்தைக் குறைத்துவிடுவார் என்பது நம் கணக்கு. அவரோ, "நான் பின்னாலேயே வந்துக்கிறேன் சாமி" என்று சொல்லி, தலையில் ஒரு சாக்கு மூட்டையுடன் வெகுதூரம் பின்தங்கியே வந்துகொண்டிருந்தார்.

நீடாமங்கலத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் இரவு தங்கினோம். மாலை மழையில் தோப்பெல்லாம் நனைந்திருந்தது. நள்ளிரவில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. கண்கள் குழிவிழுந்து, நா உலர்ந்து கிடந்தான். கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டுமென்பதை அறிவோம். சர்க்கரையும் உப்பும் இருந்தன. நீரோ வாய்க்கால் நீர்.

அடுப்பு மூட்டும் பொறுப்பை நாமே ஏற்றோம். குருவானவர் முன்னிற்க வேண்டாமா? தென்னை மட்டைகளை நெருக்கி அடுக்கி, அரிக்கன் விளக்கின் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தோம். குப்பென எழுந்த சுடர், எண்ணெய் தீர்ந்ததும் அவிந்தது; புகையே மிஞ்சியது. மீண்டும் முயன்றோம். தீப்பெட்டியில் நான்கு குச்சிகள்தாம் எஞ்சின. சிறுவனின் தாய் ஒன்றும் பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டிடங்களில் வருகிறது: பேதுரு மறுதலித்த முற்றத்திலும், உயிர்த்த ஆண்டவர் காலையுணவு சமைத்த கரையிலும். இதைப் பற்றிக் குருமடத்தில் நீண்டதொரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர் நாம். ஈர மட்டை எரியாதென்பது மட்டும் தெரியாமற்போயிற்று.

"தள்ளிக்குங்க சாமி" என்றொரு குரல். மூதாட்டி மூட்டையை அவிழ்த்தார். காய்ந்த தேங்காய் நார், சிரட்டைகள், பாளைச் சீவல்கள். சாக்கின்மேல் பாலித்தீன் தாள் சுற்றியிருந்ததால் நனையவில்லை. காவற்குடிசைத் திண்ணையிலிருந்து உலர்ந்த செங்கற்கள் மூன்றை எடுத்து, காற்று வரும் பக்கம் வாய் திறந்திருக்குமாறு வைத்தார். நாரைக் குருவிக்கூடுபோல் உதறி விரித்து, அதன்மேல் ஈர்க்குகளையும் விரல் பருமனுள்ள சீவல்களையும் இடைவெளி விட்டுச் சாய்த்தார். ஒரே குச்சிதான் செலவாயிற்று. தரையோடு முகம் வைத்து மெல்ல ஊதினார். பின்பே சிரட்டைகள். தீ உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை; முழுவதும் பாத்திரத்தின் அடியிலேயே நின்றது. நம் ஈர மட்டைகளையும் அவர் வீணாக்கவில்லை. அருகே சாய்த்து உலர வைத்தார்.

சிறு குமிழிகள் கண்டவுடன் பாத்திரத்தை இறக்கக் கை நீட்டினோம். "இது காத்து சாமி, கொதி இல்ல" என்று தடுத்தார். நீர் தளதளவெனப் புரண்டபின், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினோம். நம் படிப்பு உதவியது அதற்குத்தான்.

விடிவதற்குள் சிறுவன் இருமுறை சிறுநீர் கழித்தான்; ரொட்டி கேட்டான். முதல் பேருந்தில் அவனையும் தாயையும் திருவாரூருக்கு மருத்துவரிடம் அனுப்பினோம். மூதாட்டி தணலில் நீர் தெளித்துக் கிளறி, புறங்கையால் சூடு பார்த்து, மண்ணிட்டு மூடினார். செங்கற்கள் மறுபடியும் திண்ணைக்குப் போயின.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "எதுக்கு சாமி?" என்றார். அன்று முதல் அவருடைய நடைக்கேற்பவே அனைவரும் நடந்தோம். ஆகஸ்டு 29ஆம் நாள் மாலைக் கொடியேற்றத்திற்குப் போய்ச் சேர இயலவில்லை. மறுநாள் நண்பகலில்தான் வேளாங்கண்ணியை அடைந்தோம்.