மேடையிலிருந்து சந்தை வரை

மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். 'தாயின் தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. நடிகை என்று எழுதலாமா? அது பழைய கதை. சமூக சேவையாளர் என்றால் பொய்யில்லை. வாரத்தில் மூன்று நாட்கள் இப்போதும் அந்த வேலைதான். மற்ற நாட்களில் மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, தைத்த உடுப்பு என்று எங்கள் பெண்கள் செய்யும் பொருட்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய சந்தைப்படுத்தல் நிலையம் ஒன்றை நடத்துகிறேன். இவ்வளவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்காது. 'சுயதொழில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் அதே யோசனை. நான் நடந்து வந்த பாதை ஏன் இவ்வளவு வளைந்தது? வளைந்ததால் எனக்கு நட்டமா, இலாபமா? இதை வாசிக்கும் உங்களில் பலருடைய பாதையும் நேராகப் போகவில்லை என்பதை நான் அறிவேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கிராமத்தில் வளர்ந்தவள். உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக எடுத்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நாடகக்காரியெண்டு பேர் எடுக்கப் போறியோ?" என்று கேட்டார். 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட காலம் அது. ஊரடங்கு தொடங்குமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதால், மத்தியான வெய்யிலில் பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை பார்ப்போம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் மேடையேறியபோது யாழ்ப்பாணத்தில் எத்தகைய தாக்கத்தை ஏற்படுத்தியது என்று எங்கள் ஆசிரியை சொல்லுவார். நாங்கள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் அதைப்போல ஒன்றைச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

அந்த ஆசிரியையிடம் நான் கற்றவை இரண்டு. கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் கேட்கும்படி பேச வேண்டும் என்பது ஒன்று. "சனத்தை அழப்பண்ணுறது சுகம் பிள்ளை, யோசிக்கப் பண்ணுறதுதான் வேலை" என்பது மற்றது. முதலாவதை உடனே பிடித்துக்கொண்டேன். இரண்டாவது விளங்குவதற்குப் பல ஆண்டுகள் எடுத்தன.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். 2009 இற்குப் பிறகு மக்கள் வன்னிக்குத் திரும்பியபோது, மிதிவெடி விழிப்புணர்வுக்காக மீள்குடியேற்றக் கிராமங்களில் தெருவெளி நாடகம் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். நானும் போனேன். தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவே, ஒரு மரத்தின் கீழ்தான் மேடை. பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் ஒகஸ்தோ போல் உருவாக்கிய முறையை அங்கேதான் செய்து பழகினோம். அந்த முறையில், நாடகத்தை ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று பார்ப்பவர்களைக் கேட்க வேண்டும். அவர்களே எழுந்து வந்து நடித்துக் காட்டலாம். பிரச்சினை யாருடையதோ, அவரே அதற்கு வழி தேடுவார்.

பட்டம் கிடைத்த பின் கிளிநொச்சி மாவட்டத்தில் சமூக சேவையாளராக வேலை கிடைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் என்று 2010 இல் அரசாங்கத் தரப்பில் கணக்குச் சொல்லப்பட்டிருந்தது. வாழ்வாதார உதவி என்று கோழி வந்தது, ஆடு வந்தது, தையல் இயந்திரம் வந்தது. ஒரு கிராமத்தில் மட்டும் 14 தையல் இயந்திரங்கள் இருந்தன. தைத்த சட்டையை யார் வாங்குவது? ஏ-9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து ஆயத்த ஆடைகள் லொறி லொறியாக வந்து இறங்கின. எங்கள் அறிக்கைப் படிவத்தில் 'எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது' என்ற கேள்வி இருந்தது. 'எத்தனை விற்றது' என்ற கேள்வி இருக்கவில்லை. இயந்திரங்கள் சீலையால் மூடப்பட்டு மூலைக்குப் போயின. வாங்கிய கடன் மட்டும் மூலைக்குப் போகவில்லை. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்தது.

அப்போதுதான் விற்பனையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு கொழும்பில் நடந்த ஒரு கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு மேசை தந்தார்கள். ஓர் அக்கா வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் 80 பக்கற்றுகளை எடுத்துக்கொண்டு அவரும் நானும் போனோம். மத்தியானம் வரை ஆறு பக்கற்தான் விற்றது. எனக்குப் பொறுக்கவில்லை. அறிவிப்பாளரிடம் ஒலிவாங்கியை வாங்கினேன்.

அந்த அக்காவின் கதையைச் சொன்னேன். கணவர் போன நாள், பதுங்குகுழி, கைக்குழந்தை எல்லாவற்றையும் சொன்னேன். குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே ஒரு கணம் நிறுத்துவது என்று மேடை எனக்குக் கற்றுத் தந்திருந்தது. தமிழில் சொன்னதை ஒருவர் சிங்களத்தில் சொன்னார். சனம் கூடியது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் மேசைக்கு முன் கூட்டம் நெருக்கியடித்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மாலையில் சாமான்களை அடுக்கும்போது அந்த அக்கா 11 பக்கற்றுகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். "இதெல்லாம் மிச்சமோ அக்கா?" என்றேன்.

"இல்லை மிஸ். இதுகளுக்குக் காசு தந்திட்டினம். தூளை எடுக்காமல் போட்டினம்."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "மிஸ், நீங்கள் இண்டைக்கு என்ர தூளையோ வித்தனீங்கள், என்னையோ வித்தனீங்கள்?"

புகையிரதத்தில் இரவு முழுக்க இருவரும் அதிகம் பேசவில்லை. அவரிடம் கேட்காமலே அவருடைய கதையை எடுத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆசிரியை சொன்ன இரண்டாவது பாடமும் அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அழவைத்தேன். அழுதவர்கள் காசைக் கொடுத்துத் தங்கள் மனச்சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். தூள் எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவும் மாட்டார்கள். இரக்கத்துக்கு ஒருமுறைதான் வாங்குவார்கள்.

எங்கள் கதைகளைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் தங்கள் கதையை உலகம் கேட்கச் சொன்னார்கள், சொல்லவும் வேண்டும். அது நீதிக்காகச் சொல்லப்படும் கதை. மிளகாய்த்தூளுக்கு விலை கூட்டுவதற்கு அந்தக் கதையை எடுக்க எனக்கு உரிமை இல்லை.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை நான் ஒலிவாங்கியைத் தொடவில்லை. மாதர் சங்கக் கட்டடத்தில் கிழமைக்கு ஒரு நாள் ஒத்திகை வைத்தோம். ஒருவர் கடை முதலாளியாக நடிப்பார். மற்றவர் தூளைக் கொண்டு போவார்.

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா, வித்தால் காசு தாறன்" என்பார் 'முதலாளி'. முதல் நாள் எல்லோரும் "சரி ஐயா" என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, "இதிலே நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். பின்னால் இருந்த ஒருவர் எழும்பி வந்தார். "பத்துப் பக்கற் வைக்கிறன் ஐயா. அஞ்சுக்கு இப்ப காசைத் தாங்கோ. வாற வெள்ளி வருவன். விக்காட்டி நானே திருப்பி எடுக்கிறன்." எல்லோரும் கைதட்டினோம். உண்மைக் கடைகளுக்குப் போனபோது, பத்தில் நாலு கடைகள் அதற்குச் சம்மதித்தன. நாலு என்பது எங்களுக்குப் பெரிய எண்ணிக்கை.

கணக்கும் ஒத்திகை பார்த்தோம். ஒரு பக்கற்றை 200 ரூபாவுக்கு விற்றால் கடைக்காரருக்கு 40, மிளகாய், மல்லி, விறகுக்கு 70, பைக்கும் லேபலுக்கும் 25, பஸ் காசு 15. மிச்சம் 50. இரண்டு நாள் வேலையில் 24 பக்கற் என்றால் ஒரு நாளுக்கு 600 ரூபா. "அப்ப என்ர நாள் கூலி 600 தானோ?" என்று ஒருவர் திகைத்தார். அதுவரை கையில் வந்த முழுக் காசையும் இலாபம் என்று நினைத்திருந்தார். தங்கள் உழைப்புக்கு விலை போடாமல் பொருளுக்கு விலை போடுவதுதான் எங்கள் பெண்கள் விடுகிற பெரிய பிழை. அன்றிலிருந்து கூலியை முதலில் எழுதி, மற்றதைப் பிறகு எழுதுகிறோம்.

லேபலில் யாருடைய படமும் இல்லை, கண்ணீர்க் கதையும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நிறை, எப்போது செய்தது, எப்போது முடியும், யார் செய்தது, விலை என்ன என்பவைதான் இருந்தன. அடுத்த கண்காட்சிக்குப் போனபோது அந்த அக்காவே மேசைக்கு முன் நின்றார். ஒரு சின்னப் போத்தலின் மூடியைத் திறந்து ஆட்களிடம் நீட்டுவார். வாசம் பிடித்தவர்களுக்கு, மிளகாயும் மல்லியும் எந்தப் பதத்தில் வறுபட வேண்டும், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எப்போது சேர வேண்டும் என்று சொல்லுவார். முதல் கண்காட்சியில் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்த தூள், இம்முறை தீர இரண்டு நாட்கள் எடுத்தன. ஆனால் ஒருவரும் பக்கற்றை விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன: "அந்தத் தூள் இன்னும் இருக்கா?"

இப்படித்தான் எங்கள் நிலையம் உருவானது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தோம். மற்றக் கிராமங்களின் குழுக்களும் வந்தன. லேபல், விலை, கடை பிடிப்பது, வட்ஸ்அப்பில் வரும் கட்டளைகள் எல்லாம் நாங்கள் பார்ப்போம். விற்ற தொகையில் நூற்றுக்குப் பத்து எங்களுக்கு. என்னோடு வேலை செய்யும் நால்வரும் அந்த ஒத்திகைகளில் 'முதலாளி'யாக நடித்தவர்கள்தான். எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். ஒரு மாரியில் சரியாகக் காயாத மாவைப் பொதி செய்ய நான் அவசரப்படுத்தி, வண்டு பிடித்து, 300 பக்கற்றுகள் திரும்பி வந்தன. அந்த நட்டத்தை நிலையமே ஏற்றது. 2022 இல் எரிபொருள் இல்லாமல், செத்தல் மிளகாய் விலையும் ஏறி, மாதக்கணக்கில் வேலை நின்றது. அம்மாவும் "படிச்சுப்போட்டு யாவாரமோ?" என்று கேட்பதை நிறுத்தவில்லை.

அப்படிச் சோர்ந்திருந்த ஒரு நாளில்தான் ஒரு மரணச் செய்தியை வாசித்தேன். 2024 மே மாதத்தில் தன் 95 ஆவது வயதில் காலமான மேரி வெல்ஸ் லோரன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றியது. ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்ரவுன் என்ற உருக்காலை நகரில் பிறந்தவர். நியூயோர்க்குக்குப் போய் நாடகம் படித்தவர். பிறகு ஊரில் ஒரு பெரிய கடைக்கு விளம்பர வாசகம் எழுதப் போனார். அங்கிருந்து நியூயோர்க்கில் விளம்பர நிறுவனங்களுக்குச் சென்றார். 1965 இல் பிரானிஃப் விமானங்களுக்குப் பல வர்ணங்கள் பூசும் திட்டத்தை நடத்திக் காட்டியவர் அவர். இருந்தும் பெண் என்பதால் தலைமைப் பதவி மறுக்கப்பட்டது. வெளியேறி, 1966 இல் இரண்டு பேரோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்.

என்னை மிகவும் தொட்டது இன்னொன்று. 1970 களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரம் கடனில் மூழ்கி, களவுக்கும் கொலைக்கும் பெயர்போய்க் கிடந்தது. 1977 இல் தொடங்கிய 'ஐ லவ் நியூயோர்க்' விளம்பர இயக்கத்தை நடத்தியது அவருடைய நிறுவனம்தான். 'நாங்கள் நொடித்துப்போனோம், உதவுங்கள்' என்று அந்த விளம்பரங்கள் கேட்கவில்லை. எங்களிடம் என்ன இருக்கிறது, வந்து பாருங்கள் என்றன. காட்டியது எதை? அந்த நகரத்து நாடக மேடைகளையும் நடிகர்களையும்தான்.

அவர் எங்கே, நான் எங்கே! அவருடையது கோடிக்கணக்கான டொலர் வியாபாரம், எங்களுடையது மிளகாய்த்தூள். ஆனாலும் அன்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. நாடகம் படித்த காலம் வீண்போகவில்லை. சமூகவியல் படித்ததும் வீண்போகவில்லை. முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்க மேடை பழக்கியது. அந்த முகத்துக்குப் பின்னால் உள்ள வீட்டையும் கடனையும் பார்க்கப் படிப்புப் பழக்கியது. எதைச் சொல்லி விற்கக்கூடாது என்பதை அந்த அக்கா கற்பித்தார்.

சகோதரிகளே, உங்களிடமும் இப்படி ஏதோ ஒன்று கிடக்கும். முகாமில் நூறு பேருக்குச் சமைத்த அனுபவமாக இருக்கலாம். பாதியில் நின்ற படிப்பாக இருக்கலாம். வீணாய்ப் போனது என்று அதை எழுதிவிடாதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒருவர் முதலாளியாக இருக்கட்டும். ஒருவர் உங்கள் பொருளை எடுத்துக்கொண்டு போகட்டும். அவர் தடுமாறும் இடத்தில் நிறுத்தி, பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கேளுங்கள். பதில் தெரிந்த ஒருவர் கட்டாயம் பின்வரிசையில் இருப்பார்.