நீருக்குள் ஒரு செம்மண் பாதை

மெய்நிகர்க் கண்ணாடி அணிந்தால் வீட்டுக் கூடத்திலேயே பறக்கலாம். ஆனால் பாதம் தரையில் இருப்பதால் உடல் நம்பாது. தண்ணீரில் மிதந்தால் உடலும் நம்பிவிடும். ஹியூஸ்டனில் நாசா 40 அடி ஆழக் குளத்தில் விண்வெளி வீரர்களைப் பழக்குவது இந்த மிதப்புக்காகத்தான்.

வரம் தரும் நீரே தடையும் போடும். புளூடூத் அலைகளை அது விழுங்குவதால், கையிலுள்ள கருவி சற்றே ஆழம் போனாலும் தொடர்பை இழக்கும். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானதால் கைவீச்சு மந்தமாகும். தரைக்கென எழுதிய விளையாட்டு அங்கே தோற்கும். மெதுவான அசைவுக்கென்றே புதிதாக எழுத வேண்டும்.

பக்கவாதம் கண்ட என் அப்பா தரையில் தடுமாறுகிறார். சிகிச்சைக் குளத்தில், மார்பளவு நீரில், கைத்தாங்கலின்றி நடக்கிறார். மெதுவான அசைவுதான் அவருடைய முழு வேகம். எதிரே வெறும் நீலச் சுவர். அதற்குப் பதில் அவர் வளர்ந்த தோட்டத்துச் செம்மண் பாதை தெரிய வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு அதுதான்.