சுவர் தாண்டிய முருங்கை

இளவேனில் எப்போது பிறக்கிறது என்று கேட்டால் நூல்கள் சித்திரையைக் காட்டும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையோ மாசியையே காட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உப்பளங்களில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கும் நாட்களில், கடலோர மணலில் முருங்கை பூத்துவிடும். அந்த வெண்பூக்கள் உதிர்ந்து கிடக்கும் முற்றத்தைப் பெருக்கும்போதே, "தவக்காலம் வந்துவிட்டது" என்பார் என் தாயார்.

மீனை நம்பி வாழும் கடற்கரை மக்களாகிய நமக்குச் சுத்தபோசனம் ஒரு விந்தையான கேள்வியை எழுப்புகிறது. இறைச்சியை விலக்கச் சொல்கிறது திருச்சபை. மீனை விலக்கச் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் மீன் உண்பவன் வெள்ளிக்கிழமையும் மீனே உண்டால், அவன் துறந்தது என்ன? அம்மா இதைப் பற்றி யாரிடமும் வாதம் செய்ததில்லை. சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளிவரை, புதனும் வெள்ளியும் எங்கள் அடுப்பில் மீன்சட்டி ஏறாது. கொல்லையில் விளைந்தது எதுவோ அதுவே அன்றைய கறி.

கொல்லை என்றதும் ஆற்றங்கரை ஊர்களின் வளத்தை எண்ணிவிட வேண்டாம். எங்களுடையது வெறும் மணல். மழைக்காலத்தில் அதற்குள் இறங்கும் நன்னீர் எடை குறைந்தது. ஆகவே அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஓர் ஆடைபோலப் படிந்து நிற்கும். மாசிவரை கிணற்றுநீர் வாய்க்கு இதமாக இருக்கும். பங்குனியில் கரிக்கத் தொடங்கும். ஆத்திரப்பட்டு அதிகம் இறைத்தால் இன்னும் விரைவாகக் கரிக்கும். எனவே குழாயில் வரும் தாமிரபரணி நீரையே அம்மா இருமுறை பயன்படுத்தினார். அரிசி களைந்த நீர் கொடிப்பசலைக்கு. மீன் கழுவிய நீர் முருங்கைக்கு. மிஞ்சிப் புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. அவரைக்கொடியில் அசுவினி மொய்த்தால், விடியற்காலைப் பனி காயும்முன் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். சளிக்குத் தூதுவளையும் கற்பூரவல்லியும் கிணற்றடியில் இருந்தன. காசு கொடுத்து வாங்கிய உரம் என்று எதுவும் அங்கே விழுந்ததில்லை.

அந்தக் கொல்லைக்கு அரசன் முருங்கைதான். நீண்ட காய் காய்க்கும் யாழ்ப்பாண வகை. போத்து நட்டு வளர்த்த மரம். அதன் பாதிக் கிளைகள் பின்சுவரைத் தாண்டிச் சந்தில் தொங்கின. சந்தில் போவோர் கீரையை ஒடித்துக்கொள்வார்கள், காயைப் பறித்துக்கொள்வார்கள். தலைச்சுமையாக மீன் விற்கும் ஓர் அக்கா, வியாபாரம் முடிந்து திரும்பும்போது வெற்றுக் கூடையில் ஒரு பிடி கீரை இல்லாமல் போனதில்லை. "சுவருக்கு அந்தப் பக்கம் காய்ப்பது நமக்கு உள்ளது இல்லை" என்பது அம்மாவின் சட்டம்.

அம்மா இறந்தபின் அச்சட்டத்தை நான் திருத்தினேன். ஒரு மழைக்காலத்தில் அடிமரம் முழுவதும் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது. அதைக் காரணமாக வைத்துச் சந்துப் பக்கக் கிளைகளை வெட்டினேன். சுவரையும் இரண்டு வரிசைக் கல் உயர்த்தினேன். பூச்சி வந்தது இரு பக்கத்திலும். வெட்டியதோ ஒரு பக்கத்தை மட்டும். இதை அப்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அக்கா அதன்பின் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தவக்காலத்தில் மட்டும் அம்மாவின் வழக்கப்படி புதனும் வெள்ளியும் மீன் விலக்கி வந்தேன். மீனை விலக்கிய நான் அயலாரையும் சேர்த்து விலக்கியிருந்தேன் என்பது உறைக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையை நம்மில் யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது, நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரியையே மிஞ்சிய அளவு அது. எங்கள் கொல்லையில் முழங்கால் அளவு நீர் பல நாட்கள் வடியாமல் நின்றது. வறட்சியைத் தாங்கும் முருங்கை, தேங்கிய நீரைத் தாங்காது. வேர் அழுகி, ஒரு காலையில் மரம் சாய்ந்து கிடந்தது. விழும்போது நான் உயர்த்திய கற்களையும் இடித்துத் தள்ளியிருந்தது.

2024 பிப்ரவரி 14, சாம்பல் புதன். காலைத் திருப்பலி முடித்து நெற்றிச் சாம்பலோடு வீடு திரும்பினேன். வாசலில் அந்த அக்கா நின்றார். இடுப்பிலே கூடை இல்லை. கையிலே மணிக்கட்டுப் பருமனுள்ள நான்கடிக் கம்பு.

"உங்க அம்மா அன்னைக்குத் தந்த போத்துதான் தம்பி எங்க வளவுல மரமா நிக்கு. அது மேட்டுத் தரை, வெள்ளம் ஏறல. உங்க மரம் விழுந்துட்டுன்னு கேள்விப்பட்டேன். இது உங்களுக்கு உள்ளதுதான்."

விதையில் முளைக்கும் முருங்கை தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. போத்திலிருந்து வருவதோ அதே மரம். அதே காய், அதே சுவை. அம்மா கையால் வைத்த மரத்தைத்தான் அவர் எடுத்து வந்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "முதல்ல குழி தோண்டுங்க" என்றார். மேல்முனை காயாதபடி சாணம் அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டோம். "தண்ணியை ஊத்தி ஊத்திக் கொன்னுராதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31. அன்று கம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தளிர்கள். உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா தோட்டக்காரர் என்று எண்ணிக்கொண்டதை யோவான் எழுதிவைத்திருக்கிறார். பல ஆண்டுகள் பிழையெனவே நான் வாசித்த அந்த இடத்தில், அன்று சற்று நின்று வாசித்தேன்.

ஜூலை 26, பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம், வெள்ளிக்கிழமையும்கூட. முதல் கீரையை அன்று ஒடித்தேன். முருங்கைக்கீரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சின்ன வெங்காயமும் வற்றலும் வதங்கியபின் கீரையைப் போட்டு, நீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. மூடினால் பச்சை நிறம் போய்விடும். கீரை சுருங்கியபின்பே உப்பு. முன்பே போட்டால் அளவு ஏமாற்றும். இறக்கும்போது தேங்காய்ப்பூ. ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணம் மறுநாள் வெறுமையாகத் திரும்பவில்லை. இரண்டு பிடி கூனி இருந்தது. சனிக்கிழமைக் கீரையில் அதுவும் சேர்ந்தது.

இடிந்த இரண்டு வரிசைக் கல்லை நான் மீண்டும் அடுக்கவில்லை. சந்துப் பக்கம் ஒரு கிளை நீளத் தொடங்கியிருக்கிறது. அதை வெட்டுவதாக இல்லை.