அரை அங்குலக் கண்

மெல்பர்ன் கடைகளில் கோழிக்கம்பி என்று சுருள் சுருளாக விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும். நரியை வெளியே நிறுத்தாது. நரி பல்லால் கவ்வி இழுத்தால் பிரிந்துவிடும். பகலில் கோழிகள் கீரைப்பாத்தியைக் கிளறாமல் தடுக்க அது போதும். இருட்டிய பிறகு வேண்டியது வெல்ட் மெஷ், அதுவும் 12 மில்லிமீட்டர் கண் உள்ளது. நம் கணக்கில் அரை அங்குலம். அதைவிடக் கண் பெரிதானால் நரி வராவிட்டாலும் எலி வரும். வலையை ஸ்டேப்பிள் பின் அடித்து மாட்டக்கூடாது. வாஷர் வைத்து ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். கூட்டைச் சுற்றி வெளிப்பக்கம் அரை மீட்டர் அகலத்துக்கு இன்னொரு வலையைத் தரையோடு விரித்து மண்ணைப் போட்டு மூட வேண்டும். நரி பெரும்பாலும் சுவரடியில்தான் பறிக்கும். நகத்தில் கம்பி தட்டினால், கொஞ்சம் பின்னால் போய்த் தோண்டிப் பார்ப்போம் என்று அதற்குத் தோன்றாது. தந்திரத்துக்கே பேர்போன பிராணிக்கு இந்த ஒரு யோசனை மட்டும் ஏன் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் வீடு நகரின் வடக்கே, மெரி ஓடைக்குப் பக்கத்தில். ஓடைக்கரையும் ரயில்பாதை ஓரமும் நரிகள் நடமாடும் தடங்கள். இது நம்மூர்க் குள்ளநரி அல்ல. செம்பட்டை ரோமமும் புசுபுசு வாலும் கொண்ட ஐரோப்பிய நரி. குதிரையேறி நாய்களை ஏவி வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது. 1870களில் மெல்பர்ன் வட்டாரத்தில் பெருகத் தொடங்கி, வெப்பம் மிகுந்த வடகோடி நீங்கலாக ஆஸ்திரேலியப் பெருநிலம் முழுக்கப் பரவிவிட்டது. "நம்மைப் போல அதுவும் பிழைக்க வந்ததுதானே" என்று விருந்துகளில் ஒரு நண்பர் தவறாமல் சொல்வார். சிரிப்பு எழும். எனக்கு அந்த ஒப்புமை ஒருநாளும் பிடித்ததில்லை. பில்பி, பெட்டாங் என்று இந்த மண்ணின் சின்னஞ்சிறு விலங்குகள் பல இடங்களில் அற்றுப்போனதில் நரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பட்டியலில் போய் நான் ஏன் என் பெயரைச் சேர்க்க வேண்டும்?

மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊரிலும் கோழிக்கு எதிரிகளுக்குக் குறைவில்லை. பகலில் பருந்து, கீரி. இரவில் மரநாய், காட்டுப்பூனை. ஆனால் அப்பத்தா ஒரு முழம் கம்பி வாங்கியதில்லை. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பாள். பெரிய கோழிகள் வேப்பமரக் கிளைக்கு ஏறிவிடும். அடைப்பதற்கு முன் எண்ணுவாள். ஒன்று குறைந்தால் தெருவே தேடும். மீதிக் காவலை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். திண்ணையில் ஒருவர், வாசலில் கயிற்றுக்கட்டிலில் ஒருவர், காலடியில் நாய். நடுச்சாமத்தில் ஒரு கோழி கொக்கரித்தால் நாலு வீட்டில் இருமல் சத்தம் கேட்கும். ஒரு அதட்டல் போதும், வந்தது ஓடிவிடும்.

இங்கே ஜூலை மாதக் குளிரில் பெண்நரி இணைக்காகக் கத்துவது, யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது போலிருக்கும். எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஹீட்டர் இரைச்சல், நாளை வேலை. கிளேட்டனில் ஒரு நண்பர் வீட்டில் ஐந்து கோழிகள் ஒரே இரவில் போயின. படுக்கையறைக்கும் கூட்டுக்கும் இடையே பத்தடிதான். நாலு கோழிகள் அப்படியே கிடந்தன, ஒன்றைத்தான் நரி தூக்கிப் போயிருந்தது. "தின்னவாவது தின்றிருக்கலாமே" என்று அவர் மனைவி அழுதார். நரியின் பக்கத்தில் நியாயம் வேறு. வெட்டவெளியில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை சிதறி ஓடிவிடும். கூட்டுக்குள் ஓட இடமில்லை. கோழிக்கு இருட்டில் கண்ணும் சரியாகத் தெரியாது. சிறகடிப்பு நிற்கும் வரை நரி கடிக்கும், மிச்சத்தைப் பிறகு வந்து எடுத்துப்போய்ப் புதைத்து வைக்கப் பார்க்கும். இங்கே பல வீடுகளில் இருக்கும் ஐசா பிரவுன் கோழி முட்டைக்கென்றே வடித்தெடுத்த கலப்பினம். நாட்டுக்கோழி போல உயரக் கிளைக்குத் தாவித் தப்பிக்கும் சாமர்த்தியம் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கம்பிக்கு நான் கொட்டிய காசெல்லாம் அந்தத் திண்ணைக்கும் கயிற்றுக்கட்டிலுக்குமான விலை என்றே தோன்றுகிறது. உயிருள்ள காவல் இங்கேயும் பலிக்கும் என்பதற்கு வார்னம்பூல் என்ற கடற்கரை ஊரில் சாட்சி இருக்கிறது. கரையை ஒட்டிய மிடில் தீவில் நூற்றுக்கணக்கில் இருந்த குட்டிப் பென்குயின்கள், அலை வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய்க் கொன்றதில் பத்துக்கும் கீழே குறைந்தன. 2006இல் மரெம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்களைத் தீவில் விட்டார்கள். எண்ணிக்கை மறுபடி நூறைத் தாண்டியது. யோசனை சொன்னவர் ஆலன் மார்ஷ் என்ற கோழிப் பண்ணைக்காரர். தன் கோழிகளை அப்படித்தான் காத்துவந்தார். இந்தக் கதை 2015இல் 'ஆட்பால்' என்று படமாகவும் வந்தது. ஆனால் மரெம்மா கன்றுக்குட்டி உயரம் இருக்கும், இரவெல்லாம் குரைக்கும். எங்கள் கொல்லைக்கு அது சரிப்படாது.

ஆகவே வெளிச்சம் குறைந்தால் தானே இறங்கும் கதவு ஒன்று வாங்கினோம். ஊரில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். இங்கே ஜூனில் ஐந்தேகாலுக்கு முன்பே இருட்டத் தொடங்கும், டிசம்பரில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அலுவலகம் முடிந்து ரயிலில் வருபவன் குளிர்காலத்தில் எப்படிக் கூடடைப்பது? கதவு ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு குறைதான்: அதற்கு எண்ணத் தெரியாது. எலுமிச்சை அடியில் சோம்பிக் கிடந்த கோழியை வெளியே விட்டுவிட்டு நேரத்துக்கு இறங்கிவிடும்.

அதனால் நாங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா வந்து எண்ணுகிறார். கலாப்ரியாவிலிருந்து இளம் வயதில் வந்தவர். சொந்தக் கொல்லையிலும் கோழி உண்டு. கதவை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டினேன். "பொம்மை" என்றார். முட்டைகளைச் சம்பளமாக எடுத்துக்கொள்வார், அதில் அவருக்குக் குறையில்லை. நாங்கள் டிசம்பரில் போவதுதான் அவருக்கு ஆகவில்லை. ஒன்பது மணி வரை கோழி அடையக் காத்திருந்தால் சாப்பாடு எப்போது, தூக்கம் எப்போது? "அடுத்த தடவை ஜூனில் போய்ட்டு வா. அஞ்சரைக்கு எண்ணி முடிச்சிட்டு நான் சாப்பிட உக்காரணும்" என்கிறார்.